கொதிகலனுக்குள் இருந்தவர்

அன்று தம்பி சுத்தியலால் ஒருமுறைதான் அடித்தானா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. ஒரே அடி என்கிறான் அவன். என் உடம்பு அதை ஒப்புக்கொள்வதில்லை.

எங்கள் குடும்பப் பெயர் ‘செவிடர்’. தலைமுறைகளாகப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் எங்களில் யாருக்கும் காதில் குறையில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் என்னிடம் எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேசினார்கள். கடைசிவரை எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மிச்சம் தம்பியின் மகள் ஒருத்திதான். அவளைப் பள்ளியில் சேர்க்கும்போது அந்தப் பெயரை விட்டுவிடுவதென்று அவன் முடிவு செய்திருந்தான். அத்தோடு அது முடிந்துவிடும்.

“விட வேணாம்னு சொல்லலை. யாரோட பேருன்னு பாத்துட்டு விடு,” என்றேன்.

“பாத்தா மட்டும், மனுஷன் எழுந்து வந்து கோவிச்சுக்கப் போறாரா?”

அத்தைக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அந்தப் பெயரை முதலில் வாங்கியவர் தாத்தாவின் தாத்தா. சலவை ஆலையின் கொதிகலனைச் செய்தவர்களில் ஒருவர். “பொறந்ததுலேருந்தே கேக்காதாம். உங்க ரெண்டு பேருக்கும் நல்லாவே கேக்கும், சொன்னாத்தான் கேக்க மாட்டீங்க,” என்றாள்.

ஆலை மூடிக் கிடந்தது. காவலாளி கதவைத் திறந்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். கூரை போன கொட்டகையில் கொதிகலன் படுத்திருந்தது, மண்ணிலிருந்து தோண்டி எடுத்த ஏதோ விலங்கைப் போல. உடம்பெங்கும் வரிசை வரிசையாக ஆணித் தலைகள். தம்பி தகரப் பட்டறை வைத்திருப்பவன். விளையாட்டாகத் தடவிக்கொண்டே நடந்தவன், பாதியில் நின்றான். ஆள் நுழையும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான்.

“அண்ணே, இதெல்லாம் பழுக்கக் காய்ச்சி அடிச்ச ஆணி. வெளியிலேருந்து ரெண்டு பேர் அடிச்சா, உள்ள ஒருத்தன் இரும்புக் கட்டையை வெச்சு முட்டுக் கொடுக்கணும்.”

“எவ்வளவு நேரம்?”

“வேலை முடியிற வரைக்கும்.”

டார்ச்சை வாங்கிக்கொண்டு நான் உள்ளே நுழைந்தேன். நிமிர்ந்து உட்கார முடியவில்லை. தம்பி வண்டியிலிருந்த சுத்தியலை எடுத்து வந்து, “அடிக்கவா?” என்றான்.

அதைச் சத்தம் என்று சொல்ல மாட்டேன். முழங்கால் வழியாக, பல் வழியாக அது எனக்குள் வந்தது. பிறகு துளையில் தம்பியின் வாய் அசைவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிசப்தத்தில் டார்ச்சைச் சுற்றிலும் திருப்பினேன். தலைக்கு மேல், இடுப்புக்குக் கீழ், எட்டாத கோடி வரை, ஒவ்வோர் ஆணியும் ஒன்றைப்போல் ஒன்று அழுந்தியிருந்தது. ஒன்றுகூடக் கோணவில்லை. பிறவிச் செவிடரில்லை அவர். வீட்டுக்குப் போய், பிள்ளைகளின் குரல் நேற்றைவிடச் சற்றுத் தள்ளி ஒலிப்பதைக் கவனித்திருப்பார். மறுநாள் காலையில் மறுபடி இதற்குள் நுழைந்திருப்பார்.

நான் வெளியே வந்ததும் தம்பி உள்ளே போனான். வெகுநேரம் வரவில்லை. நான் அடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு கொதிகலனை வெட்டி எடுத்துப் போனார்கள். அத்தை காலமானாள். தம்பி பெயரை விடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. அவன் மகள் இப்போது அயல்நாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அங்கே எல்லோரும் அவளைக் குடும்பப் பெயரால் மட்டுமே கூப்பிடுகிறார்கள், பொருள் தெரியாமல். நீண்ட நடைக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து யாராவது மெல்ல அழைத்தாலும், அவள் நின்று திரும்பிப் பார்க்கிறாள்.