எட்டு மாதத் தீட்டு

"சீதா, அங்கேயே நில்லு! சாமி ரூமுக்குள்ள காலை வைக்காத!"

தனலெட்சுமி போட்ட சத்தத்தில், காப்பார் ஊரில் இருந்த அந்த வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் ஊன்றிக்கொண்டிருந்த ஆண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ரிஷிக்குக் கல்யாணம் ஆறே நாளில். விளக்கேற்றப் போன மாப்பிள்ளையின் தாய் சீதாலெட்சுமியின் புடவையில், பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம்.

"அம்பத்தாறு வயசுல தீட்டா? அசிங்கம்லா! பக்கிரி, உன் பொண்டாட்டிய பின்கட்டுக்குப் போகச் சொல்லு. விளக்கை நான் ஏத்துறேன்."

பக்கிரிசாமி குனிந்து முகூர்த்தக்காலுக்கு மண் தள்ளினார். அக்கா கிழித்த கோட்டை அந்த மனிதர் எந்தக் காலத்தில் தாண்டினார்?

மகள் சுபாதான் அம்மாவைக் குளியலறைக்கு இழுத்துப் போனாள். சுபா டாக்டர். நேபாளத்து மலைக் கிராமம் ஒன்றில் ஐந்து மாதம் தொண்டூழியம் செய்தவள். மாதவிலக்குக்காக மாட்டுக் கொட்டகையில் படுக்கவைக்கப்பட்ட பெண்களை அங்கே பார்த்தாள். கருப்பைவாய்ப் புற்று முற்றிய பிறகே கிளினிக் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு செத்தவர்களையும் பார்த்தாள். அந்தக் கோபத்தில்தான் ஊர் திரும்பியதும் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அறை எடுத்துத் தங்கி ஆராய்ச்சியில் இறங்கினாள். ரத்தப்போக்கைப் பெண்கள் ஏன் மறைக்கிறார்கள் என்று முகம் தெரியாத இருநூறு பேரிடம் கேட்டாயிற்று. பெற்றவளிடம் கேட்கவில்லை.

"எத்தனை நாளாம்மா?"

"எட்டு மாசமா விட்டு விட்டுப் படுது."

"ஐயோ! ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வீட்டையே ரெண்டாக்குவ. உங்க அத்தை சாமி ரூம் பக்கம் விடுவாங்களா? ஒரே பையன் கல்யாணத்துல நான் வெளிய நிக்கணுமா? எல்லாம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்டி."

அம்மாவிடமிருந்து வந்த வாடை சுபாவுக்குப் பழக்கமானது. நேபாளத்தில் அந்தப் புற்றுநோயாளிகளிடம் அதை அறிந்திருந்தாள். கார் சாவியை எடுத்தாள்.

"கல்யாணம் முடியட்டும்லா! ஆஸ்பத்திரி எங்க ஓடிப் போயிடப் போவுது?" என்றாள் அத்தை, கையில் தீப்பெட்டியோடு.

சுபா நிற்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் ரிசல்ட் வந்தது. புற்று சிறுநீர்ப்பை வரை பரவிவிட்டது, அறுவைக்கு வழியில்லை, ரேடியேஷன் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் பெரிய டாக்டர். சுபா வார்டு நடைபாதையில் உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதாள். என்ன படித்து என்ன புண்ணியம்!

மறுநாள் கிள்ளானில் ரிஷிக்குக் கல்யாணம் நடந்தது. மேடையில் தாயின் இடத்தில் தனலெட்சுமி பட்டுப்புடவையில் நின்றாள். தாய், வார்டில் ரத்தம் ஏற்றிக்கொண்டு கிடந்தாள்; கட்டிலருகே சுபா.

"சுபா, ஊர்ப்பட்ட பொம்பளைங்ககிட்ட கேட்டு எழுதுவியே, என்கிட்டயும் கேளு."

"இப்ப வேணாம்மா."

"இப்ப விட்டா எப்ப? எழுதுடி."

சுபா நோட்டை எடுத்தாள். "பேரு போட மாட்டோம்மா. நம்பர் மட்டுந்தான். யாருக்கும் தெரியாது."

சீதாலெட்சுமி கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள்.

"மறைச்சது போதும். சீதாலெட்சுமின்னே போடு. அச்சடிச்சதும் உங்க அத்தைக்கு ஒண்ணு குடு, சாமி ரூம்ல உக்காந்து படிக்கட்டும்."