ஆறு அங்குலப் படி

ஒவ்வொரு வருட மாடலுக்கும் மச்சான் எங்கள் சின்ன கேபின் படகின் வரைபடத்தில் கை வைப்பார். அதற்காகப் படகை வார்க்கிற அச்சை உடைத்துத் திரும்பச் செய்கிறவன் நான். அக்கா புருஷனாயிற்றே, இவன் எதிர்த்து வாயைத் திறக்கமாட்டான் என்று பட்டறையில் நினைத்தார்கள். நான் திறந்தேன்.

முதல் மாடலில் கேபினுக்குள் இறங்கும் படி பன்னிரண்டு அங்குல உயரம். மூன்றாம் வருடம் அது ஒன்பதானது, பக்கத்தில் ஒரு கைப்பிடி முளைத்தது. ஐந்தாம் வருடம் ஆறு அங்குலம், இரண்டு பக்கமும் கைப்பிடி.

"இது படகா, ஆஸ்பத்திரியா?" என்று கத்தினேன். வாங்க வந்தவர்களோ வசதியாக இருக்கிறதென்று மெச்சினார்கள்.

மாதிரிப் படகு தயாரானதும் மச்சான் அக்காவைக் கூட்டிவந்து ஏறி இறங்கச் சொல்வார். அவள் முகம் சுளித்த இடத்தில் பென்சிலால் கோடு போடுவார். அவளுக்கு முட்டி தேய்ந்துகொண்டே வந்தது எனக்கும் தெரியும். ஆனால் என் கண்ணில் பட்டதெல்லாம் உடைகிற அச்சுதான்.

போன மாதம் அக்கா போய்விட்டாள்.

நேற்று புது வரைபடம் வந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வருடத்தைத் தவிர ஒரு கோடும் மாறவில்லை. கையில் எடுத்த சுத்தியலோடு மச்சானிடம் போனேன்.

"என்ன மச்சான், இந்த வருஷம் ஒண்ணுமே மாத்தலையா?"

அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

"ஏறிப் பாத்துச் சொல்ல ஆள் இல்லையேடா."