சேர்ந்தே வரும் லிஃப்டுகள்

அன்று ஆஸ்பத்திரிக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்தவள் நான்தான். கடைசியாக வார்டுக்குப் போனவளும் நான்தான். அது எப்படி என்று அண்ணன் கேட்டான். கேட்கத்தான் செய்வான். எனக்கே விளங்காததை அவனுக்கு எப்படி விளக்குவது?

அப்பாவை டிஸ்சார்ஜ் செய்யும் நாள். நெஞ்சுவலி என்று கொண்டுபோய்ச் சேர்த்தோம், பிழைத்துவிட்டார். இனி அவரைத் தனியாகக் குடியிருக்க விடக்கூடாது, மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி என் வீடா, அண்ணன் வீடா என்பதுதான் கேள்வி. அப்பாவுக்கு என் வீடுதான் இஷ்டம். நானும் அவரும் ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அதில் இரண்டு பேருக்கும் பரம திருப்தி. அண்ணன் வீட்டில் டிவி ஓயாது, அது ஓய்ந்தால் அண்ணியின் போன் ஓயாது. ஆனால் அண்ணன் ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிட்டான்.

"மாத்திரை யாரு குடுப்பா? நீயா? அடுப்புல பால வெச்சிட்டு, பால் ஏன் பொங்குதுன்னு பக்கத்து ரூம்ல உக்காந்து படிச்சிட்டு இருந்தவதானே நீ?"

உண்மைதான். அடுப்பைத் துடைத்தவனே அவன்தான்.

"சரி, டிஸ்சார்ஜ் அன்னிக்கு நேரத்துக்கு வா. டாக்டர் சொல்றத நீயே நின்னு கேளு. அப்புறம் அப்பா உன்கூடத்தான், நான் குறுக்க நிக்கல" என்றான். கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போடலாம். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிறவள். எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எப்போது வர வேண்டும் என்பது என் தலைக்குள் இருக்கிறது. நான் எங்கே எப்போது இருக்க வேண்டும் என்பது மட்டும் அங்கே தங்குவதில்லை. ஆபீஸில் எனக்கு ஊமை என்று பெயர். வாயைத் திறக்கமாட்டேன், திறந்தால் அட்டவணையில் உள்ள ஓட்டையைச் சொல்லிவிட்டு மூடிக்கொள்வேன். அண்ணன் புரொபசர் என்பான். மனநல டாக்டர் மூன்றாவதாக ஒரு பெயர் வைத்தார்: ஏடிஎச்டி, கவனம் சிதறும் கோளாறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது கால் தரையில நிக்காம ஓடுற பசங்களுக்கு வர்றது இல்லையா டாக்டர்? நான் வெச்ச எடத்துல இருக்கறவ."

"ஓடறது கால்தான்னு யாரு சொன்னா? உங்களுக்குக் கவனம் இல்லாம இல்ல. அது உங்க பேச்சக் கேக்கறதில்ல, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! வீட்டுக்கு வந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். எதையும் அடிவேர் வரை போய்ப் பார்க்காமல் விடாதது என் குணமா, கோளாறா? எனக்கு ஆட்களோடு பேசப் பிடிக்காதா, இல்லை அவர்கள் பேசி முடிப்பதற்குள் நான் எங்கோ போய்விடுவது வெளியே தெரியாமல் இருக்கத்தான் பேசாமல் இருக்கிறேனா? இதில் நான் எது, அது எது? யோசித்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் அந்த டாக்டரின் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டும் போய்விட்டது.

அதனால்தான் அன்று அப்படிப் பயந்து சீக்கிரமே கிளம்பினேன். தொலைக்காமல் இருக்கச் சிவப்பு ரிப்பன் கட்டிய வீட்டுச் சாவி. அதையும் பைக்குள் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டேன். அப்பாவை நேராகக் கூட்டிப்போய்க் கதவைத் திறக்க வேண்டும், வேறு நினைப்பே கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் இரண்டு லிஃப்ட். முன்னால் ஒரே கூட்டம். வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு இரண்டும் ஒன்றாக வந்தன. ஒன்றில் நசுங்கும் கூட்டம், மற்றதில் ஓரிருவர். சரி, தற்செயல். அடுத்த முறை ஏறிக்கொள்ளலாம் என்று ஒதுங்கி நின்றேன். அடுத்த முறையும் இரண்டும் ஒன்றாகவே வந்தன.

ஏன்? ஒன்றுக்கொன்று சொல்லிவைத்துக்கொண்டா வருகின்றன? கதவுக்கு மேலே எரியும் எண்களைப் பார்த்தேன். முன்னால் போகிற லிஃப்ட் எல்லா மாடியிலும் நின்று ஆட்களை அள்ளிக்கொள்கிறது, அதனால் தாமதமாகிறது. பின்னால் வருவதற்கு ஏற்ற ஆளே இல்லை; விறுவிறுவென்று வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. அட, இது என் பஸ்களின் கதைதானே! நான் கடைசி நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பதுபோல், ஒன்றைக் கீழே பிடித்து வைத்தால் போதும். எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது? எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. ஆனந்தம் என்றே சொல்ல வேண்டும், வெட்கமாக இருந்தாலும்.

லிஃப்ட் கதவு திறந்தது. அண்ணன் இறங்கினான். கார் நிறுத்துமிடத்திலிருந்து படியேறி அவன் எப்போதோ வார்டுக்குப் போய்விட்டிருக்கிறான்.

"எப்ப வந்த?"

"உனக்கு முன்னாடியே."

"அப்ப இங்க என்ன பண்ற? எத்தனை வாட்டி போன் பண்றது?"

போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. "ரெண்டு லிஃப்டும் ஏன் சேர்ந்தே வருதுன்னு..." என்று ஆரம்பித்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

மேலே டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போயாகிவிட்டது. அப்பா சட்டை மாற்றிக்கொண்டு, மடியில் மாத்திரைப் பையுடன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் கத்தவில்லை. அமைதியாகக் கேட்டான்.

"நான் ஒண்ணும் சொல்லல. நீயே சொல்லு. அப்பாவுக்கு மறக்காம மாத்திரை குடுப்பியா?"

அப்பா என்னைப் பார்த்தார். 'குடுப்பேன்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் சரிபார்க்காத ஒன்றைச் சொல்ல எனக்கு நாக்கு வராது. சரிபார்த்தேன்.

"மறந்துடுவேன்" என்றேன்.

அப்பா குனிந்து செருப்பைத் தேடினார்.

அண்ணன் காரை எடுத்துவர முன்னால் போனான். நானும் அப்பாவும் லிஃப்டில் இறங்கினோம். "கீழ அப்படி என்னதான் பாத்துட்டு இருந்த?" என்று கேட்டார். சொன்னேன். சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கைகால் நிலைகொள்ளாது. ஒரு கை முன்னால் போகிற லிஃப்ட், மறு கை பின்னால் வருகிற லிஃப்ட். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "அப்ப முன்னாடி போறதுக்குத்தான் பாடு" என்றார். "ஆமாப்பா!" என்றேன். இவரை இன்னொரு வீட்டுக்கு அனுப்பப் போகிறேன் என்பது அதுவரை மறந்தே போயிருந்தது.

வாசலில் கார் நின்றது. "இதப் பிடி" என்று பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவைப் பிடித்து மெதுவாக ஏறி உட்கார்ந்தார். கார் போனது. தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் என் கையைப் பார்த்தேன். அதில் மாத்திரைப் பை இருந்தது.

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன், ஓட்டும்போது எடுக்கமாட்டான். பஸ் ஏறினேன். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எங்கள் பஸ்ஸை ஒட்டியே அதே எண் பஸ் இன்னொன்று காலியாக வந்தது. யார் போட்ட அட்டவணை என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரை மட்டும் முணுமுணுத்தேன். பக்கத்து சீட் அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அண்ணன் வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அப்பா அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார். பையை நீட்டினேன்.

"பாத்தீங்களாப்பா? மாத்திரையவே எடுத்துட்டுப் போயிட்டா. இவகிட்ட உங்கள எப்படி விடறது?" என்றான் அண்ணன்.

அப்பா பையிலிருந்து சரியான மாத்திரைப் பட்டையைத் தானே எடுத்தார், பிதுக்கினார், விழுங்கினார், தண்ணீர் குடித்தார்.

"மறதி அவளுக்குத்தானேடா? எனக்கா?"

எத்தனை நாளாக இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன்! மாத்திரை சாப்பிடுகிறவருக்கே அது ஞாபகம் இருக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"வா, போகலாம்" என்று அப்பா எழுந்தார். "சாவி இருக்கா?"

பைக்குள் துழாவினேன். இல்லை. கையிலும் இல்லை. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்பா சட்டைப் பையில் கைவிட்டு, சிவப்பு ரிப்பனைப் பிடித்துச் சாவியை வெளியே இழுத்தார்.

"லிஃப்ட்ல கை ஆட்டி ஆட்டிப் பேசினியே, அப்ப விழுந்துச்சு."

அப்படியென்றால் காரில் ஏறும்போதே என் வீட்டுச் சாவி அவரிடம் இருந்திருக்கிறது. மாத்திரைப் பையையும் தெரிந்தேதான் என் கையில் கொடுத்தாரா? வழியில் கேட்டேன். அவர் பஸ் ஜன்னல் வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்து, "இன்னொண்ணும் ஒட்டிக்கிட்டே வருது பாரு" என்றார்.