மெமரி கார்ட் இல்லை

சுகிர்தாவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது அவள் குடியிருக்கும் மஹய்யாவ முழுக்கத் தெரிந்த சங்கதி. கண்டி டவுனில் அவள் வேலை பார்க்கும் போன் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களும் அதைத் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறப்பார்கள். ஈரம் சொட்டும் போனை நீட்டி, "தண்ணியில எல்லாம் விழல தங்கச்சி, சும்மாவே செத்துருச்சு" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்கு அந்த ஆளுக்கு அஷ்டமத்துச் சனி. ஆனால் கை இருக்கிறதே, அது தங்கமான கை. கைக்காக வாயைப் பொறுத்துக்கொண்டு வருவார்கள்.

அப்படிப்பட்டவள் அன்று மதியம் ஒரு மணிக்கு, சாப்பாட்டு நேரத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் நின்ற புசல்லாவை பஸ்ஸுக்குள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே பள்ளிக்கூடக் கொப்பி அளவில் ஒரு திரை. அதில் கொட்டை எழுத்தில் ஒரே வரி: மெமரி கார்ட் இல்லை.

"இருக்கு சனியனே, உள்ளதான் இருக்கு!" என்றாள் சுகிர்தா.

அந்த வரியை எழுதி வைத்தவளும் அவளேதான். கார்ட் கிடைக்காவிட்டால் இப்படிச் சொல் என்று திரைக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சிப்புக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது அவள். சொல்லிக் கொடுத்த பாடத்தை அது இப்போது அவளிடமே ஒப்பித்தது.

திரை என்ன செய்ய வேண்டும் என்றால், பஸ் ஓட ஓட அடுத்த தரிப்பிடத்தின் படத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டும். பெயர் அல்ல, படம். பேராதனைக்குப் பாலம், கம்பளைக்கு அங்கே அவளே போய் எடுத்த பஸ் ஸ்டாண்ட் படம், இப்படி முப்பத்தெட்டு. பஸ் எங்கே நிற்கிறது என்று சொல்ல ஜீபிஎஸ் துண்டு ஒன்றும் உண்டு. சிப்புக்குள் அத்தனை படத்துக்கும் இடம் ஏது? எல்லாம் அந்த விரல் நகம் அளவுக் கார்டில்தான் இருந்தன.

இவ்வளவு பாடு யாருக்காக என்று கேட்டால், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாளே, அந்த அங்கம்மாவுக்காக. சுகிர்தாவின் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. தைப்பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்குத் தனியாகப் போனாள். புசல்லாவைக்குக் கொஞ்சம் முன்னால், ரோதமுனி கோயில் வளைவில் இறங்க வேண்டும். அடைமழை, கண்ணாடியெல்லாம் புகைமூட்டம், இறக்கிவிடுகிறேன் என்று சொன்ன கண்டக்டர் மறந்தே போனான். எங்கேயோ இறங்கி இரண்டு மைல் நனைந்து நடந்து போய்ச் சேர்ந்தபோது பொங்கல் ஆறிக் கட்டியாகிவிட்டது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "இத்தன வயசுல எறங்குற எடம் தெரியாத முண்டமா ஆயிட்டேனே" என்று அழுதாள். அன்றோடு தனியாக பஸ் ஏறுவதை விட்டாள். அம்பிட்டியவில் ஒரு வீட்டில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தாள், அதையும் நிறுத்திவிட்டாள்.

நாளைக்குக் காலையில் தங்கையின் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள். பிள்ளையைத் தொட்டிலில் போட அக்கா வந்தே ஆகவேண்டும் என்று தங்கை ஒற்றைக் காலில் நின்றாள். சுகிர்தாவுக்கோ லீவு இல்லை, முதலாளி கொழும்பில், கடைச் சாவி இவள் இடுப்பில். "ஒன் பெட்டி படம் காட்டுனா போறேன். காட்டலன்னா வீட்டுக்குத் திரும்பிருவேன்" என்று அங்கம்மா தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். திரும்பினால் அவ்வளவுதான், இனி அம்மா எந்தக் காலத்திலும் பஸ் படி மிதிக்கமாட்டாள் என்பது சுகிர்தாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"என்ன தங்கச்சி, சரிவந்திச்சா?" பஸ் சொந்தக்காரர் ஹலீம் நானா பிளேன்டீயை ஆற்றிக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஓட்டுகிறவரும் அவர்தான். ஒரு நாளைக்கு மாட்டிப் பார்ப்போம் என்று இடம் கொடுத்த புண்ணியவான்.

"அஞ்சே நிமிசம் நானா."

"அஞ்சி நிமிசம் அஞ்சி நிமிசம்னு அரை மணித்தியாலம் போயிட்டு. ஒண்டு நாப்பதுக்கு எடுக்கோணும் மகள். டைம்கீப்பர் விசில் அடிச்சா எனக்கு ஒண்டும் செய்ய ஏலா."

சுகிர்தா கார்டை வெளியே எடுத்தாள். பழக்கதோஷத்தில் மஞ்சள் துப்பட்டாவில் ஒரு துடை துடைத்துத் தன் போனில் போட்டாள். முப்பத்தெட்டுப் படமும் மணி மணியாக வந்தன. திரும்பப் பெட்டியில் சொருகினாள். மெமரி கார்ட் இல்லை.

போன வாரமும் இதே கூத்துதான், ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. அப்போது போட்டது அறுபத்து நாலு ஜீபி கார்ட். பெரிய கார்டுகளைக் கடையிலேயே வேறொரு முறையில் ஃபார்மட் செய்து விற்கிறார்கள், இந்தச் சின்னச் சிப்புக்கோ பழைய ஃபேட் முப்பத்திரண்டு முறை மட்டும்தான் புரியும். அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். பிறகு முப்பத்திரண்டு ஜீபி கார்ட் வாங்கிச் சரியாக ஃபார்மட் பண்ணினாள். காலையில் வீட்டில் போட்டுப் பார்த்தபோதுகூட கோயில் வளைவுக்கு வைத்திருந்த சித்தியின் படம் பளிச்சென்று வந்ததே!

சரி, கரண்டாக இருக்கும். மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஐந்து வோல்ட், கூடவும் இல்லை குறையவும் இல்லை. பஸ் வயரைக் கழற்றிப் பவர் பேங்கில் மாட்டினாள். அப்போதும் இல்லை என்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிடுமோ?

"மோகன் அண்ணே, ஒங்க போன் கார்ட கொஞ்சம் குடுங்க."

இந்த பஸ்ஸின் கண்டக்டர் மோகனராஜ் நெஞ்சில் கை வைத்தான். "ஐயோ, அதுல எம் பாட்டெல்லாம் இருக்கு தங்கச்சி! அழிச்சிராத!"

"ஒங்க பாட்ட நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். குடுங்க சீக்கிரம்!"

அந்தச் சின்ன எட்டு ஜீபி கார்டையும் பெட்டி இல்லை என்றது. நல்ல கார்ட் இரண்டையும் இல்லை என்றால் கோளாறு கார்டில் இல்லை. கரண்டும் சரி. மிச்சம் இருப்பது கார்ட் போகும் வாய்தான். பெட்டியைக் கொண்டுவந்த த்ரீவீலர் குலுக்கிய குலுக்கில் ஈயப்பற்று விட்டுவிட்டதோ? விட்டிருந்தால் இங்கே உட்கார்ந்து என்னத்தை ஒட்டுவது? மணி ஒன்று இருபது.

பின்னால் அங்கம்மா பையின் பிடியை முறுக்கி முறுக்கி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "சரிவரலன்னா பரவால்ல பாப்பா. நான் வீட்டுக்கே போயிர்றேன்" என்றாள் மெல்ல. அதில் பாதி ஆறுதலும் பாதி நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் சுகிர்தாவைச் சுட்டது.

"உக்காரும்மா பேசாம!"

பெட்டியின் கரண்டை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை அடித்துக் கார்ட் வாய்க்குள் பார்த்தாள். உள்ளே வரிசையாக நிற்கும் பொடிக் கம்பிகள் வெள்ளையாக மின்ன வேண்டும். இங்கே மஞ்சளாக ஏதோ அப்பிக் கிடந்தது. துருவா? ஊசி முனையால் ஒரு துளி சுரண்டி எடுத்தாள். துரு இவ்வளவு மிருதுவாக இருக்காது. என்னவோ தோன்ற மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தனம்.

சுகிர்தாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து ஓடியது. காலையில் அவள் அவசரமாகத் தலை வாரிக்கொண்டிருந்தபோது சாமி படத்துக்கு முன்னால் நின்று அம்மா கேட்டாள், "பாப்பா, இந்தப் பெட்டியில எது முக்கியம்?" இவளும் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள், "அந்தச் சின்ன கார்ட்தாம்மா. அது இல்லன்னா பெட்டி வெறும் பெட்டி." புது ஸ்கூட்டர் வந்தாலும் புது ரைஸ் குக்கர் வந்தாலும் பொட்டு வைக்காமல் சுவிட்சைத் தொடவிடாத வீடு அது. முக்கியமானது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, முக்கியமானதுக்கே வைத்துவிட்டாள் மகராசி! அதுவும் எழுத்து இருக்கும் பக்கத்தில் வைத்திருக்கமாட்டாள். எழுத்து சரஸ்வதி, மறைக்கக் கூடாது. மறுபக்கம் தங்கக் கோடு கோடாக லட்சணமாக இருந்திருக்கும். கார்டை வெளியே எடுத்துப் பொட்டு வைத்து, ஈரத்தோடு பத்திரமாக உள்ளே தள்ளியிருக்கிறாள். கார்டில் ஒட்டிய மிச்சத்தைத் துப்பட்டா துடைத்துவிட்டது, வாயில் ஒட்டியது வாயிலேயே காய்ந்துவிட்டது.

கோபம் உள்ளங்காலில் கிளம்பி உச்சிக்கு வந்தது. நாற்பது ராத்திரி! கண் எரிய எரிய உட்கார்ந்த நாற்பது ராத்திரி! திரும்பினாள். வாயும் திறந்துவிட்டது.

அங்கம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பை மடியிலிருந்து தோளுக்கு ஏறியிருந்தது. எழுந்திருக்கத் தயாராக ஒரு கால் நடைபாதையில் இருந்தது.

"என்ன பாப்பா கோளாறு?"

சுகிர்தா எச்சிலை விழுங்கினாள். கூடவே வேறு என்னென்னவோ விழுங்கினாள்.

"தூசிம்மா" என்றாள். "வெறும் தூசி."

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். மோகனராஜ் எதிரே இருந்த பார்மஸிக்கு ஓடி சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி வந்தான். ஹலீம் நானா உதவியாக இருக்கட்டும் என்று சட்டைப் பையிலிருந்து அத்தர் குப்பியை எடுத்து நீட்ட, "அது எண்ணெ நானா, உள்ளதும் போயிரும்" என்று கும்பிட்டுத் தடுத்தாள். பஸ் டிக்கெட் ஒன்றை மெல்லிசாக மடித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, வாய்க்குள் விட்டு இழுத்தாள். மஞ்சளாக வந்தது. கசக்கிக் கீழே போட்டாள். இன்னொன்று. இன்னொன்று. ஐந்தாவது டிக்கெட் வெள்ளையாக வந்தது. ஊதி ஊதிக் காயவைத்தாள். காயும் வரைக்கும் அவள் அறிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள், ஒருவரையும் விடவில்லை. மணி ஒன்று முப்பத்தாறு.

கார்டைச் சொருகி சுவிட்சைப் போட்டாள். திரை கறுத்தது. ஒரு வட்டம் சுற்றியது. இன்னும் சுற்றியது.

பேராதனைப் பாலம் பளிச்சென்று வந்து நின்றது.

"மாஷா அல்லாஹ்!" என்றார் ஹலீம் நானா. மோகனராஜ் கை தட்ட, என்ன ஏது என்று தெரியாமலே முன் சீட்டுக்காரர்களும் தட்டினார்கள். டைம்கீப்பரின் விசில் கேட்டது. சுகிர்தா கீழே இறங்கி ஜன்னலோரம் வந்து, "அம்மா, நீ எறங்குற எடத்துக்குச் சித்தி படம் வரும். குடையோட. வந்ததும் மணி அடி. வேற எதுக்கும் அடிக்காத" என்றாள். அங்கம்மா தலையை ஆட்டினாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் பை மடிக்குத் திரும்பியிருந்தது. பஸ் வளைந்து போய் மறையும் வரை சுகிர்தா அங்கேயே நின்றாள்.

அதற்குப் பிறகு கடையில் அவள் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. மூன்று மணிக்குக் கம்பளை தாண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டாள். மூன்றேகாலுக்கு மழை தூறத் தொடங்கியது. மூன்றரைக்குக் கொட்டியது. மூன்று நாற்பத்தைந்துக்கு போன் அடித்தது.

"எறங்கிட்டேன்."

"சரியான எடத்துலயா?"

"பின்ன? பெட்டியில தங்கச்சி மூஞ்சி வந்துச்சு, மணிய அடிச்சேன். எறங்கிப் பாத்தா வெளியிலயும் அதே மூஞ்சி நிக்குது. அதே குடை!" அங்கம்மா சிரித்தாள். தைக்குப் பிறகு அந்தச் சிரிப்பை சுகிர்தா கேட்கவே இல்லை. அவளுக்குக் கண் கலங்கியது. "பாப்பா."

"சொல்லும்மா."

"தூசின்னியே. தூசி சந்தனமாவா மணக்கும்?"

சுகிர்தா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"எழுத்துதான் தெரியாது எனக்கு. மூக்கு இல்லயா? நீ கசக்கிப் போட்ட டிக்கெட்டு என் காலடியிலதான் வந்து விழுந்துச்சு. எடுத்து மோந்து பாத்தேன். நெஞ்சு திக்குன்னு ஆயிருச்சு. அதுக்கு முன்னாடி நீ கத்தப் போறேன்னு நெனச்சுப் பையத் தூக்கி வச்சிருந்தேனே, தெரிஞ்சே என்னைக் கத்தாம விட்டுட்டியேன்னு அப்பத்தான் வெளங்குச்சு. நீ கத்தியிருந்தா நான் எறங்கிப் போயிருப்பேன் பாப்பா. சத்தியமா போயிருப்பேன். எனக்காக ஒன் வாயவே நீ அடக்கிட்ட. அதுக்கு மேல நான் எப்புடி எறங்குவேன்?"

மழைச் சத்தம் போனுக்குள்ளும் கேட்டது, கடைக்கு வெளியிலும் கேட்டது.

"ஹலீம் நானா இன்னொரு பஸ்ஸுக்கும் பெட்டி கேக்குறாரு" என்றாள் அங்கம்மா. "அதுக்கு எங்க பொட்டு வைக்கணும்னு இப்பவே சொல்லிரு."

"மூடி மேலம்மா" என்றாள் சுகிர்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மூடி மேல மட்டும்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், கவுண்டருக்கு முன்னால் ஒரு ஆள் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றார். கையில் இருந்த போனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணியில எல்லாம் விழல தங்கச்சி" என்றார் பயந்து பயந்து. "சும்மாவே நின்னுருச்சு."

சுகிர்தா அவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தூசியா இருக்கும்ணே" என்றாள். "வைங்க, பாப்போம்."