பதினோராம் அத்தியாயம்

குளிர்பெட்டியின் ஒரு கால் தரையில் படியாமல் ஆடிக்கொண்டிருந்ததால், கைக்கு அகப்பட்ட புத்தகம் ஒன்றை யாரோ அதன் அடியில் செருகியிருந்தார்கள். கதிர்வேல் குனிந்து பார்த்தான். அவனுடைய நாவல்.

உருவ முயன்றான். பெட்டி சாய்ந்தது. கண்ணாடிக்குள் நைனாவின் தலை, 'வேணாம்டா' என்பதுபோல் இப்படியும் அப்படியும் அசைந்தது. பெண்கள் பக்கம் ஓர் அலறல்.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" மனைவி ஏலவார்குழலி ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். "உங்க புக்கு இதுக்காவது ஒதவுதேன்னு வுடுங்க."

வேறு நாளாக இருந்தால் அவனும் சிரித்திருப்பான். ஊரில் ஒருவராவது படித்துவிட மாட்டார்களா என்று மூன்று வாரமாக ஏங்கியவன் அவன். காலை ஆறு மணிக்கு நைனா காப்பியைக் கையில் வாங்கி, குடிக்காமலே சாய்ந்ததிலிருந்து, ஒருவரும் படித்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தான். இரண்டு வேண்டுதலும் ஒரே சாமிக்குத்தான் போயிருந்தன. அது எதை எடுத்துக்கொண்டதென்று தெரியவில்லை.

கதிர்வேல் உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு கிளை அஞ்சலகத்தில் தபால்காரன். பதினான்கு வருடம் அடுத்தவர் கடிதங்களைச் சுமந்தவனுக்குத் தானும் எதையாவது எழுதவேண்டும் என்று தோன்றிவிட்டது. பதிப்பாளர் பிரேம்நாத் சென்னையில் ஓர் அறையில் உட்கார்ந்து பாடம் நடத்தினார். "மொத புக்க சொந்தக்காரங்கதான் சார் வாங்குவாங்க. வெக்கப்படாதீங்க. அட்டையில 'உண்மைச் சம்பவம்'னு போடுவோம். அதுக்குத்தான் கை நீளும்."

கை நீட்டியது கதிர்வேல்தான். தபாலோடு தபாலாக முப்பது வீட்டு வாசலில் கையெழுத்துப் போட்ட பிரதியை நீட்டினான். போதாதென்று பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டியும் வைத்தான்: 'நாவலில் வருவது யார் யார்? சரியாகச் சொல்பவருக்கு இன்னொரு பிரதி இலவசம்.' ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு பிரதிக்கே பயந்தவர்கள் இரண்டாவதற்கா ஆசைப்படுவார்கள்?

காலையிலிருந்து அந்தச் செய்தியை அழிக்கப் போராடினான். நாளாகிவிட்டதாம். 'எனக்கு மட்டும் அழி' என்பதுதான் இருந்தது. அழுத்தினான். அவனுக்கு மட்டும் அழிந்தது.

பயமெல்லாம் பதினோராம் அத்தியாயத்தின் மேல்தான்.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு பெருமழையில் ஏரி நிரம்பி, ஏரிக்குள் நீர் வற்றிய உள்வாய் நிலத்தில் நைனாவும் சித்தப்பா சுப்பிரமணியும் கூட்டாக நட்டிருந்த பயிர் மூழ்க ஆரம்பித்தது. மறுநாள் விடிந்தபோது மதகு திறந்து கிடந்தது. உள்வாய்ப் பயிர் பிழைத்தது. கீழ்ப்புறம் பன்னிரண்டு குடும்பத்தின் கதிர் தண்ணீரில் போயிற்று. மதகு பார்க்கும் வெங்கடேசன்தான் எவனிடமோ குடிக்கக் காசு வாங்கித் திறந்துவிட்டான் என்றார்கள். மரத்தில் கட்டினார்கள். முதல் அடி சித்தப்பாவுடையது. வெங்கடேசன் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போனவன் போனவன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜுரம் விட்டுக் களைத்திருந்த ஒரு மத்தியானம், மோட்டார் கொட்டகையில் நைனா சொன்னார்: "மதகத் தொறந்தது நாந்தான்டா. யாராண்டயும் சொல்லாத."

கதிர்வேல் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினான். பெயர்களை மாற்றினான், ஏரியை மாற்ற மனம் வரவில்லை. நாவலில் அதுதான் நன்றாக வந்திருந்தது என்பது இன்னும் மோசம். மட்டமாக எழுதியிருந்தால் இவ்வளவு பயம் வேண்டாம். பிரதியைக் கையில் வாங்கிய அன்று நைனா தடவிப் பார்த்துவிட்டு, "என்னப் பத்தி கீதா?" என்று கேட்டார். "இல்ல நைனா" என்றான். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

மணி பதினொன்றாகிவிட்டது. பாடை கட்டி முடித்திருந்தார்கள். தப்பட்டைக்காரர்கள் இரண்டாவது டீயும் குடித்துவிட்டு வைக்கோல் தீயில் தப்பட்டைத் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மட்டும் வரவில்லை.

"கூடப் பொறந்தவன் வாய்க்கரிசி போடாம எப்பட்ரா எடுக்கறது?" என்றார் பங்காளிகளில் மூத்தவரான கலைச்செல்வன். "ஏரிக்கரைக்கு அந்தாண்ட கீற வூடு. நடந்தா பத்து நிமிசம். ஆறு மணிக்கே சேதி சொல்லியாச்சி. போனும் ஆப்பாயி கீது. ஏதாவது மனஸ்தாபமா?"

"தெரியல பெரீப்பா."

"அவன் வராம நாங்க தோள் குடுக்க மாட்டோம். அது மொற."

அம்மா ராணியம்மாள் பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த குரலில், "உன் சித்தப்பனுக்கு என்னாடா கேடு?" என்றாள். "அண்ணன் அண்ணன்னு உசுர வுடுமே அது."

ஏலவார்குழலி கதிர்வேலின் காதருகே வந்தாள். "கண்ணு ஆபரேசன் பண்ணதுலேர்ந்து அவரு வூட்டவுட்டே வரதில்லியாம். புதுக் கண்ணாடி போட்டுகினு பஞ்சாங்கம், மளிக சுத்தின பேப்பர், ஒண்ணு வுடாம படிக்கிறாராம். சித்தி சொன்னாங்க."

கதிர்வேல் மனசுக்குள் கணக்குப் போட்டான். மூன்று வாரம். பதினோராம் அத்தியாயம் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் தொடங்குகிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்றாலும் எப்போதோ தாண்டியிருப்பார். அண்ணன் செய்ததற்கு ஒரு பாவமும் அறியாதவனை அடித்தோம் என்று தெரிந்தவர் எந்தக் கையால் வாய்க்கரிசி போடுவார்? வந்தாலும் பந்தலில் நின்று அத்தனை பேர் முன்னால் கேட்டால்? அம்மா காதில் விழுந்தால்?

பக்கத்து வீட்டு செவ்வந்தி அவனுடைய நாவலால் விசிறிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்திப் பிரித்தாள். அவன் ஓரடி முன்னால் போனான். அவள் முதல் தாளைக் கிழித்து, சுண்ணாம்பை வைத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி விசிறினாள். 'அன்புடன் கதிர்வேல்' என்று எழுதிய தாள். அவளைக் கும்பிடலாம் போலிருந்தது.

போன் அடித்தது. பிரேம்நாத். "கேள்விப்பட்டேன் சார். மனசு கேக்கல. தைரியமா இருங்க." குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க... அப்பா கையில நம்ம புக்கு இருக்கற மாதிரி ஒரு போட்டோ இருக்குமா? ஒரு பதிவு போட்டா..." அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல, வேணாம். வேணாம் சார். நான் ஒரு மடையன்."

"பரவால்ல சார்," என்றான் கதிர்வேல். அப்படி ஒரு போட்டோ இருந்தது. நேற்று வரை அவனே அதைப் போடுவதாகத்தான் இருந்தான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தான். வீட்டுக்குப் பின்னால், மோட்டார் கொட்டகையின் நிழலில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ. கையில் மஞ்சள் பை. உள்ளே இருப்பதன் நீள அகலம் கதிர்வேலுக்குத் தெரியும். முப்பது வாசலில் நீட்டியது அதைத்தான்.

அங்கே போவதற்குள் நெஞ்சு இரண்டு முறை திரும்பி ஓடிவந்தது.

"சித்தப்பா... எல்லாரும் உனக்காவத்தான் நிக்கிறாங்க."

சித்தப்பா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தார். "இத எத்தினி பேரு படிச்சாங்க?"

எந்த எழுத்தாளனும் கேட்க ஆசைப்படும் கேள்வி. "ஒருத்தரும் படிக்கல சித்தப்பா. சத்தியமா. நீ மட்டுந்தான்."

"நெசமா?"

"செவ்வந்தி சுண்ணாம்பு மடிக்கிது. ஒண்ணு பொட்டிக்கி அண்ட குடுத்து கீது. வேற எவனும் பிரிச்சுகூட பாக்கல."

சித்தப்பா நீளமாக மூச்சு விட்டார். நடுங்கிக்கொண்டிருந்தது அவர் என்பது அப்போதுதான் கதிர்வேலுக்கு உறைத்தது.

"நீ தப்பா எழுதிகீறடா," என்றார் மெதுவாக. "மதகுத் திருக எடப்பக்கம் சுத்தனான்னு போட்டுகீற. அந்த மதகு எடப்பக்கம் சுத்தனா தொறக்காது. வலப்பக்கம். ஒம்போது சுத்து. ஒம்போதாவதுல மாட்டிக்கும். அப்பறம் நீ இன்னா பண்ணாலும் மூட வராது."

"நைனா அதெல்லாம் சொல்லல."

"அவருக்கெப்பிடித் தெரியும்? அவரு மதகாண்ட போவவேயில்ல."

கொட்டகைக்குள் எங்கோ ஒரு தவளை கத்தி நின்றது.

"நாந்தான் போனேன்," என்றார் சித்தப்பா. "கொஞ்சமா தொறந்து வுட்டுட்டு மூடிடலாம்னு போனேன். மூட வரல. ஈரத்தோட வூட்டுக்கு வந்தேன். உங்க நைனா தொடச்சிக்க துண்டு குடுத்தாரு. ஒண்ணும் கேக்கல. காலைல அந்த வெங்கடேசன... நான் கைய ஓங்கறேன், எதிர்ல நின்னு பாத்துகினு இருந்தாரு. அப்பவும் ஒண்ணும் கேக்கல. சாவற வரைக்கும் கேக்கலடா."

கதிர்வேல் மஞ்சள் பையைப் பார்த்தான்.

"தாந்தான் செஞ்சேன்னா உங்கிட்ட சொன்னாரு?"

தலையாட்டினான்.

"எனக்கு உள்ள வர பயமா கீதுடா கதிரு." எழுபது வயதுக்காரர் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணத் தொறந்து பாத்துருவாரோன்னு கீது."

கதிர்வேல் அந்தப் பையை வாங்கிக் கொட்டகைக் கதவில் மாட்டினான். பிறகு அவரைத் தோளோடு அணைத்தபடி வாசலுக்கு அழைத்துவந்தான். "வந்துட்டான்யா," என்று கலைச்செல்வன் குரல் கொடுக்க, தப்பட்டை எழுந்தது. நைனாவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாடையில் கிடத்தினார்கள்.

மூன்று முறைதான் போடுவது. சித்தப்பா அரிசியை அள்ளி, குனிந்து, அண்ணன் உதட்டில் வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. கை நிற்கவில்லை. நான்காவதாக அள்ளினார். அரிசி தாடையில் வழிந்து, மாலைக்குள் இறங்கி, வெள்ளை வேட்டியெல்லாம் சிதறியது. ஐந்தாவது.

"போதும் சுப்பிரமணி, எடுக்கணும்," என்றார் கலைச்செல்வன்.

கதிர்வேல் அரிசித் தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய், அவர் கைக்கு எட்டும்படித் தாழ்த்திப் பிடித்தான்.