தெருவுக்கு ஒரு மோட்டார் படகு

இளங்கோவன் ஒரகடத்தில் கார் என்ஜின் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அவன் செய்த ஒரே தப்பு அதுதான். மணிமங்கலம் ஏரிக்குக் கீழே, தாழ்வான நிலத்தில் மனை போட்டு விற்ற பொன்னி நகரில் அவன் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து, யாருடைய ஸ்கூட்டர் நின்றாலும், யார் வீட்டு மிக்ஸி புகைந்தாலும், "இளங்கோவக் கூப்புடு, அவரு என்ஜின்ல கீறாரு" என்று சொல்லிவிடுவார்கள்.

உண்மையில் அவன் வேலை, லைனில் நகர்ந்து வரும் என்ஜினின் தலையில் ஒரு மூடியை வைத்து, மேலே தொங்கும் துப்பாக்கியால் போல்ட்டுகளை முடுக்குவது. சரியாக முடுக்கினால் பச்சை விளக்கு எரியும். அந்த என்ஜின் நகரும், அடுத்தது வரும். மூடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அவன் பார்த்ததே இல்லை. அதைப் பார்ப்பது அவன் வேலையும் இல்லை.

இதை அவன் நகர்நலச் சங்கத் தலைவர் தாண்டவராயனிடம் விளக்கமாகச் சொன்னான். அவர் ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ்காரர்; எதிராளி பேசி முடிக்கும்வரை தலையாட்டிவிட்டு, தான் முன்பு சொன்னதையே மறுபடி சொல்லும் பழக்கம் அவருக்கு.

"அதெல்லாம் சரிப்பா. மழைக்கு முன்னாடி போட்ட ரெடி பண்ணிக் குடுத்துடு."

போட் என்பது, முன்னொரு வெள்ளத்துக்குப் பிறகு தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பழையதாக வாங்கிப் போட்ட ஃபைபர் படகு. வாங்கிய பிறகு நல்லவேளையாக வெள்ளம் வரவில்லை. கெட்டவேளையாக யாரும் படகைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தண்ணீர் தொட்டிக்குப் பக்கத்தில் அது கவிழ்ந்து கிடந்தது. இட்லிக்கடை சந்திரம்மாள் அதன் முதுகில் வடகம் காயப்போட்டாள். அதன் வயிற்றுக்குள் அவளுடைய ஆடுகள் குடியிருந்தன. துடுப்புகள் இரண்டும் அவள் வீட்டுத் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நின்றன.

"அக்கா, ஆட்டை வெளிய வுடுங்க. போட்ட நிமுத்தணும்."

"இப்பவேவா? மழை பெய்யட்டுமே. அதுங்க எங்கப் போவும்?"

"மழை பெஞ்சா போட்டு போவணும்க்கா. அதுக்குத்தான் போட்டு."

"நீ இன்னா, எதுக்கெடுத்தாலும் அவசரப்படுற?" என்றாள் சந்திரம்மாள்.

படகின் பின்பக்கம் மாட்டும் என்ஜின், சங்க அலுவலகத்தில் நாற்காலிகளுக்கு அடியில் படுத்திருந்தது. அதை வீட்டுக்குத் தூக்கி வந்து, ஒரு மரச்சட்டத்தில் மாட்டி, மூடியைக் கழற்றினான். உள்ளே பல்லி முட்டை இருந்தது. பெட்ரோல் குழாயை மடக்கியதும் அப்பளம் போல நொறுங்கியது. கார்புரேட்டரைத் திறந்தபோது, எப்போதோ மிஞ்சிய பெட்ரோலும் ஆயிலும் காய்ந்து, பச்சை நிறத்தில் பலாப்பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

காசிமேட்டில் படகு என்ஜின் பார்க்கும் ஒருவருடைய எண்ணை யாரோ கொடுத்தார்கள். இளங்கோவன் போன் செய்து எல்லாவற்றையும் வர்ணித்தான்.

"எத்தினி வருசமா ஓடல?" என்றார் அவர்.

"தெரியாதுண்ணா."

"உப்புத்தண்ணில ஓடிச்சா, நல்லதண்ணிலயா?"

"தெரியாதுண்ணா."

"உனுக்கு இன்னாதான்பா தெரியும்?"

"வால்வு கவர் மாட்டத் தெரியும்ணா" என்றான் இளங்கோவன். அவர் சிரித்துவிட்டு, என்னென்ன கழற்ற வேண்டும் என்று சொன்னார். தண்ணீரை உறிஞ்சி என்ஜினைக் குளிரவைக்கும் ரப்பர் சக்கரம் இறுகிப் போயிருக்கும், புதிது வாங்க நேரில் வா என்றார். இளங்கோவன் வாரவிடுமுறையைத் தியாகம் செய்து பைக்கில் போய், வெயிலில் நின்று வாங்கி வந்தான். வந்து பொருத்திப் பார்த்தால் அது ஒரு சுற்று பெரியது. மறுபடி போனான்.

இப்படியே நாட்கள் போயின. ஷிஃப்ட் முடிந்து வந்து குனிந்தானென்றால் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வான். கார்புரேட்டரின் ஊசித்துளைகளை மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றை இழையால் குத்திக்குத்திச் சுத்தம் செய்தான். புது பிளக் போட்டான். தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் என்ஜினின் காலை இறக்கி, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தான். இழுத்தான். தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுத்தான். என்ஜின் ஒருமுறை தும்மியது. அவ்வளவுதான்.

தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று யோசனை சொன்னார்கள். சோக் போடு என்றார் ஒருவர். சோக்கே போடாதே என்றார் இன்னொருவர். தாண்டவராயன் தினமும் காலை நடையில் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னும் ஆவலியா?" என்று கேட்டார். வேறெதுவும் சொல்லமாட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அந்தத் தெரு வழியாக நடப்பார் போலிருந்தது.

பூர்ணிமாவுக்கு வேறு எரிச்சல். அவன் மனைவி அவள்; வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்துவந்தாள். தைக்க வந்த பட்டுத் துணியெல்லாம் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது என்று ஒரு வாடிக்கைக்காரி திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன அன்று, அவள் வாசலுக்கு வந்தாள்.

"இன்னாங்க, வூடா இது, பெட்ரோல் பங்க்கா? ஒண்ணு இத ஓட்டுங்க, இல்ல தூக்கிப் போடுங்க."

"நீயே ஓட்டேன், பாக்கலாம்!"

அவள் தையல் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கயிற்றைப் பிடித்தாள். அவன் இழுத்ததைப்போல வெடுக்கென்று இழுக்காமல், தையல் மெஷினில் நூல் கோப்பதற்கு முன் சக்கரத்தை மெதுவாகத் திருப்பிப் பார்ப்பாளே, அப்படி முதலில் இறுக்கம் வரும்வரை இழுத்து, பிறகு ஒரே வீச்சில் இழுத்தாள். என்ஜின் கத்தியபடி உயிர்பெற்றது. டிரம் தண்ணீர் கொதிப்பது போலப் பொங்கியது. நீலப்புகை தெருவை மூடியது. சந்திரம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

இளங்கோவன் டேப்பைப் பிடித்தபடி நின்றான். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அத்தனை நாள் இழுத்தவன் அவன்.

"இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு பூர்ணிமா உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகை மினி லாரியில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனார்கள். முதல் ஓட்டத்தில் தலைவர் இருந்தாக வேண்டும் என்று தாண்டவராயன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குடையோடு முன்பக்கம் ஏறி உட்கார்ந்தார். துடுப்பைத் தருகிறேன் என்று சொன்ன சந்திரம்மாள், ஈரத்துணி காயவில்லை என்று தரவில்லை.

முதல் இழுப்பில் என்ஜின் ஓடியது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. கரையில் கைதட்டினார்கள். தாண்டவராயன் குடையை உயர்த்திக் காட்டினார். பச்சை விளக்கு எரியாமலே ஒரு வேலை முடிந்தது தெரிவது இளங்கோவனுக்கு அதுதான் முதல் தடவை.

ஏரியின் நட்டநடுவில் என்ஜின் இருமியது. வேகம் குறைந்தது. நின்றுவிட்டது.

இழுத்தான். ஓடவில்லை. காற்று படகை மெதுவாக ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்குள் தள்ளியது. தாண்டவராயன் திரும்பிப் பார்த்து, "இன்னாப்பா ஆச்சு? சரியாப் பாக்கலியா?" என்றார்.

அன்றுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் இளங்கோவனுக்கு வெடித்துவிட்டது.

"தலைவரே, நான் மெக்கானிக் இல்ல! எத்தினி தபா சொல்லிக்கீறேன்? நான் மூடி மாட்றவன்! போல்ட்டு முடுக்குறவன்! எனுக்கு என்ஜின் தெரியாது, போட்டு தெரியாது, இந்த எழவு ஏரில இப்ப இன்னா பண்றதுன்னும் தெரியாது! தெரியாத ஒருத்தன்கிட்ட ஏன் தலைவரே குடுத்தீங்க?"

ஒரு கொக்கு தாமரை இலைகள் மேல் நடந்துபோனது.

"நீ மூடி மாட்றவன்னு தெரியும்பா. உன் கம்பெனில என் தங்கச்சி மருமகன் கீறான். விசாரிச்சுட்டேன்."

"அப்புறம் ஏன்?"

"தெரிஞ்ச மெக்கானிக்குங்க அல்லாரையும் கூட்டியாந்து காட்டினேன். ஒருத்தன் பாக்காம இது முடியாதுன்னு சொல்லிட்டுப் போனான். பழைய இரும்புக்கு வித்துடுன்னான் இன்னொருத்தன். நீ ஒருத்தன்தான் முடியாதுன்னு சொல்லாம, தெரியாதுன்னு சொன்ன." குடையை மடக்கிக் கீழே வைத்தார். "எனுக்கும் நீச்சல் தெரியாது. ஆனா உன்கூட ஏறி ஒக்காந்துட்டேன் இல்ல?"

இளங்கோவன் குனிந்துகொண்டான். குனிந்த இடத்தில் சிவப்பு பெட்ரோல் டேங்க் இருந்தது. அதைப் பார்த்ததும் திகைத்தான். பிளாஸ்டிக் டேங்கின் இரண்டு பக்கமும், உறிஞ்சிக் குடித்த ஜூஸ் பாக்கெட் மாதிரி உள்வாங்கி ஒட்டிக்கிடந்தன. பெட்ரோல் வெளியே போகப்போக உள்ளே காற்று போக வழியில்லை. மூடியின் உச்சியில் ஒரு சின்னத் திருகு இருந்தது. அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. திருகினான். டேங்க் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுப் பழைய உருவத்துக்கு வந்தது.

என்ஜின் விசிறியில் சுற்றியிருந்த தாமரைத் தண்டுகளை இருவரும் சேர்ந்து பிய்த்தார்கள். துடுப்பு இல்லாததால் தாண்டவராயன் என்ஜினின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றித் தண்ணீரைத் தள்ளினார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. திறந்த நீருக்கு வந்ததும் என்ஜின் மறுபேச்சில்லாமல் கிளம்பியது.

கரையில் காத்திருந்த பூர்ணிமா, தானும் ஒரு சுற்று ஓட்டவேண்டும் என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தது. ஒரு விடியற்காலை பொன்னி நகரின் தெருக்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இருந்தன. இளங்கோவன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்து, வெட்கத்தோடு கொஞ்சம் சந்தோஷப்பட்டான். அன்று வேலைக்குப் போக முடியாது. படகை எடுத்து எல்லாருக்கும் உதவலாம்.

போன் அடித்தது. சூப்பர்வைசர் சக்திகுமார்.

"இளங்கோ, கம்பெனி பஸ் மெயின் ரோட்ல நிக்கும். லைன்ல ஆளே இல்ல, கண்டிப்பா வந்துடு."

"சார், தெருல இடுப்பளவு தண்ணி சார். எப்பிடி சார் வர்றது?"

"அதான் உங்க ஏரியால போட் கீதாமே? ஏரில ஓட்டினியே, வீடியோ குரூப்ல வந்துச்சே. சூப்பரா ஓட்டுற!"

இளங்கோவன் போனை வைத்துவிட்டு சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவன் மட்டுமில்லை. தெருவில் பாதிப்பேர் ஏதோ ஒரு கம்பெனியின் ஷிஃப்ட்டுக்குப் போகவேண்டியவர்கள். மொட்டைமாடிகளிலிருந்து ஒவ்வொருவராக, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி, "ண்ணா, என்னையும் ஏத்திக்கினு போண்ணா" என்று குரல் கொடுத்தார்கள். அடுத்த தெரு மெர்சிக்குப் பிரசவத் தேதி நெருங்கியிருந்தது. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும்.

"நீங்க வேலைக்குப் போங்க. போட்ட நான் பாத்துக்கறேன்" என்றாள் பூர்ணிமா. நைட்டிக்கு மேல் அவனுடைய கம்பெனி மழைக்கோட்டைப் போட்டிருந்தாள்.

"வெளையாட்டா இது? ஏரி வேற, தெரு வேற. காம்பவுண்டு சுவரு, கம்பிவேலி, மோதிடுவ."

"நீங்க ஓட்டினா மோதமாட்டீங்களா?"

முதல் நடையில் மெர்சியும் அவள் அம்மாவும் போனார்கள். மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. இரண்டாவது நடையில் கம்பெனி ஆட்கள். அதில் பயணியாக உட்கார்ந்து இளங்கோவன், "லெஃப்ட்ல வா, மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே வந்தான். அவள் திரும்பியே பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறி, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தபோது படகு ஒரு மின்கம்பத்தை மயிரிழையில் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஷிஃப்ட் முழுக்க அவன் போல்ட் முடுக்கினான். விளக்கு அடிக்கடி சிவப்பாக எரிந்தது. "எங்கப்பா கீது உன் நெனப்பு?" என்று சக்திகுமார் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

மாலையில் பஸ் இறக்கிவிட்டபோது படகைக் காணவில்லை. மெர்சிக்குப் பெண்குழந்தை பிறந்துவிட்டதாக டீக்கடையில் சொன்னார்கள். அவனுக்குப் பூர்ணிமாவைப் பற்றித்தான் தெரிய வேண்டியிருந்தது. போன் செய்தான், எடுக்கவில்லை. மறுபடி செய்தான். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கப்போன சமயத்தில், தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

பூர்ணிமா நின்றபடி ஓட்டி வந்தாள். முன்பக்கம் தாண்டவராயன் பால் பாக்கெட் பெட்டிகளைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். கரைக்குப் பக்கத்தில் வந்தும் அவள் என்ஜினை நிறுத்தவில்லை, வட்டமடித்துக்கொண்டே கத்தினாள்.

"நிறுத்தினா மறுபடி ஓடுதோ இல்லியோ! கேன புடிங்க!"

காலி பெட்ரோல் கேன் ஒன்று பறந்துவந்து அவன் காலடியில் விழுந்தது.

"பெட்ரோலு வாங்கினு வாங்க, ஆயிலும்! சீக்கிரம், இன்னும் நாலு வூட்டுக்குப் பால் போவல!"

"காலைல போனவன் இப்பதான்டி வரேன்! ஒரு வாய் டீ கூட குடிக்கல!"

"போற வழில குடிங்க!"

தாண்டவராயன் வாயைத் திறந்தார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று இளங்கோவனுக்குத் தெரியும். அந்தப் பழைய கேள்வி காதில் விழுவதற்குள் கேனை எடுத்துக்கொண்டு, படப்பை பெட்ரோல் பங்க் பக்கம் மழையில் வேகமாக நடந்தான். நாலு எட்டு வைத்ததும் நின்று திரும்பி, "டேங்க் மூடித் திருகைத் திறந்து வெச்சிருக்கியா?" என்று கத்தினான்.

"அதெல்லாம் தெரியும், போங்க!" என்றாள் அவள்.