பானுமதியின் கடைசித் தேதிகள்

பானுமதி பொய் சொல்வாள் என்றால் நல்லம்பள்ளியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் நான்கு வருடமாக, மாதம் தவறாமல், நூற்றெண்பது பேருக்கு அவள் பொய்யைப் பிடிஎஃப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் துறை விரிவுரையாளர் அவள். வயது நாற்பத்தொன்று. மாவட்டத்துப் பொறியியல் ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் மன்றத்துக்கு ‘மன்ற மடல்’ தயாரிப்பதும் அவள் தலையில்தான் விழுந்திருந்தது. நான்கு பக்கம். யார் பிஎச்.டி. முடித்தார், யாருக்கு மாற்றல், எங்கே பயிற்சி வகுப்பு, எங்கே காலியிடம், எதற்கு எது கடைசித் தேதி, எல்லாம் அதில் இருக்கும். ஒன்றாம் தேதி காலையில் வாட்ஸ்அப்பில் மடல் வந்துவிடும். அரூர் பேருந்தில் தொங்கிக்கொண்டே படிக்கிறவர்கள்கூட உண்டு. பன்னிரண்டு பக்க அறிவிக்கைகளை யாரும் படிப்பதில்லை. பானுமதி படிப்பாள், அதுதான் அவர்களுடைய நிம்மதி.

பொய் அந்தக் கடைசித் தேதியில்தான் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நல்ல பயிற்சிக்கு ஆறு பேர் கடைசி நாள் சாயங்காலம் உட்கார்ந்து விண்ணப்பித்தார்கள். இணையதளம் படுத்துவிட்டது. ஆறு பேருக்கும் போயிற்று. பாடம் நடத்தும்போது பிள்ளைகளை ‘கடைசி நேரத்தில் படிக்காதே’ என்று திட்டுகிற அதே ஆறு பேர். பானுமதிக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த மடலிலிருந்து எல்லாக் கடைசித் தேதிகளையும் மூன்று நாள் முன்னால் இழுத்துப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அதன்பிறகு மன்றத்தில் எவருக்கும் எதுவும் தவறவில்லை.

தவறியது அவளுக்குத்தான். உண்மைத் தேதி அவள் ஒருத்திக்குத்தானே தெரியும். ஊரே அடித்துப் பிடித்துக்கொண்டு அனுப்பும்போது, நமக்குத்தான் இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பாள். விடைத்தாள் வரும், ஆய்வுக்குழு வரும், மகளுக்குக் காய்ச்சல் வரும், மூன்று நாளும் போய்விடும். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் ஒரே வாய்ப்பை அப்படிக் கோட்டைவிட்டாள். சென்னையில் ஒரு பெரிய தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், வேலையில் இருக்கும் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குச் சம்பளத்தோடு மூன்று வருடம் பிஎச்.டி. படிக்கக் கொடுக்கும் இடம் அது. துறைக்கு ஐந்து இடம். ஏரிக்கரை மண் எப்படிக் கசிகிறது என்று அவள் எழுதிய ஆய்வுத் திட்டம், பூர்த்தி செய்த படிவத்தோடு சேர்ந்து மின்னஞ்சலில் இரண்டு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கும் விஷயம், அதனால் இதையும் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் தருமபுரியில் மன்றத்தின் ஆண்டுக் கூட்டம். அங்கேதான் அருள்நாதன் அவளுடைய குட்டை உடைத்தார். அதே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் துறைக்காரர், நாற்பத்துநான்கு வயது, எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டார். திரையில் ஒரு அட்டவணை போட்டார். பன்னிரண்டு மடல், நாற்பத்தேழு அறிவிப்பு, மடலில் உள்ள தேதி ஒரு பக்கம், உண்மைத் தேதி மறு பக்கம்.

“சராசரி வித்தியாசம் மூணு நாளுங்க. திட்ட விலக்கம் பூஜ்யம். நான் இத்தனை வருசமா லேப்ல இவ்வளவு துல்லியமா ஒரு ரீடிங் பாத்ததில்லைங்க” என்றார்.

மண்டபமே சிரித்தது. ‘பானுமதி காலண்டர்’ என்று யாரோ பெயர் வைத்தார்கள். பானுமதியும் அங்கே சிரித்துவைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், இவர்களுக்காகத்தானே செய்தேன், என்னைக் கேலிப்பொருளாக்கி உட்கார வைத்துவிட்டானே இந்த மனுஷன் என்று பொருமினாள். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. ஏப்ரல் மடலில் எல்லாத் தேதிகளையும் உள்ளது உள்ளபடி போட்டாள். நான்காம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும் போட்டாள்: ‘இம்மாதம் முதல் இம்மடலில் வரும் தேதிகள் உண்மையான தேதிகள்.’

அடிக்குறிப்பைப் படிக்கிற வழக்கம் நம்மவர்களுக்கு என்றைக்கு இருந்தது.

ஏப்ரல் இருபத்துநான்கு, வெள்ளிக்கிழமை. பானுமதி ஒரு மாணவனின் சான்றிதழ் விஷயமாக ஆபீசுக்குப் போனபோது மணி பன்னிரண்டே கால். ஆபீஸ் சூப்பிரண்டு தீர்த்தம்மாள் முதல்வரின் மேசையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். கல்லூரியின் வட்ட முத்திரையை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்திருப்பவர். முதல்வரே அவரைக் கேட்டுத்தான் சீல் வைப்பார்.

மேலே இருந்த காகிதத்தைப் பானுமதி பார்த்தாள். அருள்நாதனுக்கான தடையில்லாச் சான்று. அதே சென்னை நிறுவனம், அதே பிஎச்.டி. இடம். கையெழுத்து இல்லை.

“இதுல ஏன்க்கா இன்னும் கையெழுத்தாகல?”

“சார் இன்னிக்கு லீவும்மா. இண்டூர்ல தங்கச்சி வூட்டுக்குப் புதுமனை. திங்கக்கெழம வந்துதான் போடுவாரு. திங்கக்கெழமதான கடைசித் தேதி, போதும்னு அருள் சாரே சொல்லீட்டாருங்க.”

மடலில் இருந்த தேதி இருபத்துநான்கு. மூன்றைக் கூட்டினால் இருபத்தேழு, திங்கட்கிழமை. பானுமதிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. உண்மையில் இன்று மாலை ஐந்து மணியோடு சரி; தன் விண்ணப்பத்தை அவள் இந்த வருடமும் ஏற்கெனவே கைகழுவியிருந்தாள். முதல்வரின் சான்று இல்லாமல் இணையதளம் விண்ணப்பத்தை வாங்காது.

ஒரு நிமிடம் அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. இதை மறைப்பானேன். சராசரியாம், விலக்கமாம், நன்றாகப் படட்டும் என்று நினைத்தாள். பிறகு படிவத்தில் பிறந்த தேதி கண்ணில் பட்டது. ஜூலையில் அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது. வயது வரம்பும் நாற்பத்தைந்துதான். அடுத்த வருடம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. புளியிலிருந்து கொட்டையை எடுக்கும் இயந்திரம் ஒன்றைப் பத்து வருடமாகப் பட்டறை மூலையில் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிற மனிதர் அவர். இனிப்பு போன இடம் தெரியவில்லை. பட்டறைக்கு ஓடினாள்.

அருள்நாதன் லேத்துக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகளிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

“சார், சென்னை பிஎச்.டி.க்கு இன்னிக்குத்தாங்க கடைசி.”

ஒரு மாதம் கழித்து அவள் பேசியதே அவருக்குச் சந்தோஷம்போல. சிரித்தார். “எங்கிட்டயேவா மேடம். இருபத்துநாலுன்னா இருபத்தேழு. நாந்தான கண்டுபுடிச்சேன்.”

“அடிக்குறிப்பைப் படிச்சீங்களா?”

“எந்த அடிக்குறிப்பு?”

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, நான்காம் பக்கத்தை விரலால் பெரிதாக்கிப் படித்தார். சிரிப்பு நின்றது.

“நெசமாவே மாத்தீட்டீங்களா?”

“நீங்கதான சார் கூட்டத்துல சொன்னீங்க.”

“நான் சொல்லுவேன். நீங்க கேப்பீங்கன்னு நெனைக்கலைங்க மேடம்.”

பானுமதிக்கு அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. “வண்டியை எடுங்க சார். இண்டூர் அரை மணி நேரந்தான்” என்றாள்.

முதல்வர் இண்டூரில் இருக்கிறார், சீல் இங்கே இருக்கிறது. தீர்த்தம்மாளிடம் கேட்டார்கள். அவர் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“சீலு கேட்டைத் தாண்டுனதா சரித்திரமே இல்லீங்க. எங்கிட்ட வந்து இருபத்திரண்டு வருசம் ஆச்சு.”

“அக்கா, சாரோட வாழ்க்கைக்கா.”

தீர்த்தம்மாள் அருள்நாதனின் முகத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் டப்பாவையும் மைப்பொட்டியையும் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டினார்.

“சீலை யார்கிட்டயும் குடுக்க மாட்டேன். அது எங்கூடத்தான் வரும். ரெண்டு பேரும் மொதல்ல மூவ்மென்ட் ரிஜிஸ்டர்ல எழுதுங்க.”

காரணம் என்ற இடத்தில் மூவரும் ‘அலுவல் நிமித்தம்’ என்று எழுதினார்கள். அருள்நாதன் பைக்கில் முன்னால் போக, பானுமதியின் ஸ்கூட்டரில் பின்னால் தீர்த்தம்மாள். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. தீர்த்தம்மாள் ஒரு கையால் பானுமதியின் தோளையும் மறுகையால் பையையும் பிடித்துக்கொண்டு, மேடுபள்ளம் வரும்போதெல்லாம் “சீலு, சீலு” என்றார்.

இண்டூர்ப் புதுவீட்டில் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. முதல்வர் மாதவராஜ் பட்டு வேட்டியில் பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேரையும், அதிலும் தீர்த்தம்மாளை, கல்லூரிக்கு வெளியே பார்த்ததும் அவருக்குத் திக்கென்றது.

“காலேஜ்ல என்னாச்சுங்க?”

விஷயத்தைச் சொன்னார்கள். அவர் மூச்சு விட்டார். “அவ்வளவுதானா. உக்காருங்க, சாப்புடுங்க. விசேச வூட்டுக்கு வந்துட்டு வெறும் கையெழுத்தை வாங்கீட்டுப் போனா என் தங்கச்சி என்னைய என்ன நெனப்பா?”

மறுத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. வடை, பாயசத்தோடு இலை போட்டாகிவிட்டது. அருள்நாதன் பாயசத்தைத் தண்ணீர் குடிப்பதுபோல் குடித்து எழுந்தார். அதற்குள் வீட்டுக்காரர் வந்து, சிவில் மேடமாமே என்று பானுமதியை மாடிக்கு இழுத்துப்போய், மழைத்தண்ணீர் சரியாக ஓடுமா என்று கேட்டார். வாட்டம் சரியில்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. புதுமனை அன்றைக்கு அதைச் சொல்லவா முடியும். பிரமாதமாக இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

கீழே முதல்வர் கையெழுத்துப் போட்டிருந்தார். தீர்த்தம்மாள் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைத் துடைத்து, முத்திரையை ஊதி, அழுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். வட்டம் முழுசாக விழுந்திருந்தது. மணி மூன்றேகால்.

இண்டூர்க் கடைவீதி ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தார்கள். படம் பெரிது என்று இணையதளம் திருப்பியது. சின்னதாக்கினால் முத்திரை தெரியவில்லை என்றது. நடுவில் கரண்ட் போய் இருபது நிமிடம் கழித்து வந்தது. அருள்நாதன் நகத்தைக் கடித்தபடி நின்றிருந்தார். நான்கு நாற்பதுக்கு ‘விண்ணப்பம் பெறப்பட்டது’ என்று திரையில் வந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பானுமதி பயந்தாள். அழத்தான் செய்தார், கொஞ்சம்.

“மேடம், அந்த மீட்டிங்ல நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாதுங்க.”

“விடுங்க சார். கணக்கு சரியாத்தான் இருந்துச்சு” என்றாள். சொன்னதும் ஒரு மாதத்து எரிச்சல் இறங்கிப்போய், மனசு லேசாக இருந்தது.

தீர்த்தம்மாள் மூன்று பேருக்கும் டீ சொன்னார். டீ வருவதற்குள் மணி ஐந்தானது. விண்ணப்ப எண் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்க்க அருள்நாதன் அந்தப் பக்கத்தைத் திறந்தார். உச்சியில் சிவப்பு எழுத்தில் ஒரு புது வரி ஓடிக்கொண்டிருந்தது. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி மே நான்கு வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.

மூன்று பேரும் அதைப் படித்தார்கள். முதலில் தீர்த்தம்மாளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அருள்நாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். வெயிலில் வெந்து, வாட்டமில்லாத மாடியைப் பாராட்டி, சீலைக் கேட்டைத் தாண்ட வைத்து, எல்லாம் இதற்குத்தானா என்று நினைக்கப் பானுமதிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இது சிவிலுக்கும் இருக்குதுன்னு போட்டிருக்கே” என்றார் தீர்த்தம்மாள், திரையைப் பார்த்து. “நீங்க ஏன் மேடம் போடல?”

“போடணுங்க்கா. அதான் இன்னும் பத்து நாள் இருக்குதே.”

சொன்ன வாய் மூடவில்லை, பானுமதிக்குத் தன் குரல் தனக்கே கேட்டது. போன வருடம் சொன்ன அதே பேச்சு. அதற்கு முந்தைய வருடம் சொன்னதும் இதுவேதான்.

தீர்த்தம்மாள் பையைத் தட்டிக் காட்டினார்.

“சீலு இங்க இருக்குது. சார் அங்க இருக்காரு. இனி அதைய நான் இன்னொரு தடவ வெளிய எடுத்தாருவேன்னு நெனைக்காதீங்க.”

பானுமதி மின்னஞ்சலைத் திறந்தாள். படிவமும் ஆய்வுத் திட்டமும் அப்படியே இருந்தன. அருள்நாதனின் சான்றைப் பார்த்துத் தனக்கும் ஒன்று தட்டச்சு செய்து அச்செடுத்தாள். மூவரும் திரும்பப் புதுவீட்டுக்குப் போனபோது முதல்வர் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“மறுபடியும் என்னாச்சு?”

“எனக்கும் ஒண்ணு வேணுங்க சார்.”

அவர் காகிதத்தைப் படித்தார். “ஒரே நேரத்துல ரெண்டு பேரும் போயிட்டா பாடம் யார் எடுக்கறது?” என்று முனகினார். ஆனால் பேனாவைத் திறந்துவிட்டார். தீர்த்தம்மாள் கார் மேலேயே காகிதத்தை வைத்து முத்திரையை அழுத்தினார்.

ஆறேகால் மணிக்கு ஜெராக்ஸ் கடையில் பானுமதி ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்தினாள். இந்தத் தடவை ஒரே முறையில் ஏற்றுக்கொண்டது. கூட்டம் எதுவும் இல்லை, தளம் காலியாகக் கிடந்தது. கடைசித் தேதி நீட்டித்த அன்றைக்கே யார் வந்து விண்ணப்பிக்கப்போகிறார்கள்.

“மேடம், மே மடல்ல இதுக்கு என்ன தேதி போடுவீங்க?” என்று கேட்டார் அருள்நாதன்.

“மே ஒண்ணு” என்றாள் பானுமதி. “அடிக்குறிப்பை எடுத்துடுவேன்.”